அரைத் தலைக்கட்டின் இரண்டாவது முள்

இல்லை ஆத்தா, கொடுக்கவில்லை. உன் தூண்டில் கோல் நம் வீட்டில்தான் இருக்கிறது. கூரையின் எறவாணத்தில், நீ செருகி வைத்த அதே இடத்தில்.

என் செல்ல ஆத்தா, நலமா என்று உன்னைக் கேட்டுத் தொடங்க முடியாது. நீ கேட்கக்கூடிய முதல் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் தொடங்க முடியும். ஆடு குட்டி போட்டதா, கூரை ஒழுகுகிறதா என்பதெல்லாம் உனக்கு அப்புறம். முதலில் கோல்.

நேற்று கல்லறைத் திருநாள். உன் தலைமாட்டில் மெழுகுவத்தி கொளுத்தினேன். காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினேன். சுற்றிலும் எல்லாரும் அவரவர் செத்தவர்களோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. எழுதத்தான் வரும்.

எழுதியதை உன் மண்ணுக்குள் வைக்கப்போவதில்லை. பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். ஊர்த்தலைவர் அம்பலகாரர் வீட்டுக்குப் பத்திரிகை வருகிறது. யாராவது அவருக்கு வாசித்துக் காட்டட்டும்.

ஆகவே உனக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்லும்போது முகத்தைச் சுளிக்காதே. படிக்கிறவர்களுக்குத் தெரியாது.

கண்மாய் சமஸ்தானத்துடையது. வலை போடும் உரிமை, மீன்பாசிக் குத்தகை எடுத்தவருக்கு. ஊர்க் குடிகள் கரையில் உட்கார்ந்து வீட்டுக் குழம்புக்குத் தூண்டில் போடலாம். கோல் ஒன்று. அதில் முள் இரண்டுக்கு மேல் கூடாது. நட்டவர் கோலின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆளில்லாத கோலையும், முள் கூடின கோலையும் தலையாரி பிடுங்கலாம். சட்டம் இவ்வளவுதான். மடைக்குப் பக்கத்தில் தகரப் பலகையில் எழுதி நட்டிருக்கிறார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பலகை அது. நீ பக்கத்தில் நின்று, படித்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாய்.

மற்றதை ஊர் எழுதிக்கொண்டது. அதற்குப் பலகை கிடையாது.

மணமான ஆண் இருக்கிற வீடு ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு கோல், இரண்டு முள். விதவை இருக்கிற வீடு அரைத் தலைக்கட்டு. அரைக்கு எவ்வளவு?

என்னைப் பெற்ற ஐயா செத்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். நான் உன் இடுப்பில் இருந்தேனாம். கோவில் முன்னால் கூட்டம். நீ எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறாய், அம்பலகாரரின் தொண்டையோடு.

"அரைத் தலைக்கட்டுக்கு அரைக் கோல்."

"கோல ஒடிச்சா ரெண்டு குச்சிதான்யா கெடைக்கும்" என்றானாம் கூட்டத்தில் ஒருவன்.

சிரிப்பு. பிறகு அம்பலகாரர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னாராம்: "அப்பக் கோல் முழுசா இருக்கட்டும். முள்ளப் பாதியாக்கு."

எல்லாருக்கும் திருப்தி. யாரையும் ஏமாற்றவில்லை. கணக்கு நேராக வந்துவிட்டது. அவருக்கு இன்றைக்கும் அந்தக் கணக்கில் ஒரு பெருமை உண்டு.

அன்றிலிருந்து உன் கோலில் ஒரு முள்.

ஆனால் நூல் இரண்டு. இதை அவர்கள் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். எல்லாக் கோலிலும் போலவே உன் கோலிலும் நீ இரண்டு கிளைநூல் கட்டினாய். ஒன்றில் முள், முள்ளில் மண்புழு. மற்றதில் முள் இல்லை. வெறும் நூலின் நுனியில் ஒரு முடிச்சு, முடிச்சில் புழு. மீன் வந்து அதைச் சும்மா தின்றுவிட்டுப் போகும்.

தலையாரி தினமும் கரையோடு வருவார். ஒவ்வொரு நூலாகத் தூக்கி முள்ளை எண்ணுவார். ரெண்டு, ரெண்டு, ரெண்டு. உன்னிடம் வரும்போது, "ஒண்ணு."

"என்னக்கா, வெறும் நூல்ல புழுவக் கட்டி மீனுக்கு விருந்தா?"

"ஆமா தம்பி. இங்கிட்டு விருந்து, அங்கிட்டு வேலை."

அவர் சிரிப்பார். நீ சிரிக்கமாட்டாய். தக்கையையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

அது என்ன ஆத்தா? ஊரைக் கேலி செய்தாயா? அல்லது கிடைக்காத முள்ளுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்தாயா? அல்லது உண்மையாகவே ஒரு வாயாவது சும்மா தின்னட்டும் என்று நினைத்தாயா? மதராஸில் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து பெரிய பெரிய புத்தகங்களில் உரிமை, சட்டம், மனிதன் என்றெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தின் நடுவில் அந்த வெறும் நூல் வந்து ஆடும். எனக்கு உன்மேல் கோபமாக வரும். ஏன் கேட்கவில்லை? அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை. என்னை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை.

கோபம் இன்னும் போகவில்லை. செத்துப்போனதால் உன்னை விட்டுவிட மாட்டேன்.

இனி நீ போன பிறகு நடந்தவை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவினார்கள். சித்தப்பா மட்டும் வாசலில் நின்றார். வெற்றிலை போட்டார். எறவாணத்தைப் பார்த்தார்.

"தாயி, அண்ணி போயாச்சு. அந்தக் கோலையும் மடைக்கிட்ட இருக்கிற எடத்தையும் எங்கிட்டக் குடுத்துரு. பொங்கலுக்குப் பொங்கல் ஒனக்கு விரால் குடுத்து விடுறேன்."

"கோல் இருக்கட்டும் சித்தப்பா. நான் நடுறேன்."

"நீயா?" அவர் நிஜமாகவே திகைத்தார். "இலுப்பூர்ல பள்ளிக்கொடத்து டீச்சரு. மாசமானா சம்பளம். கரையில குந்தியிருந்தா ஒன் புள்ளைகளே சிரிக்குமே."

"சிரிக்கட்டும்."

"அதில்ல தாயி. ஒங்க ஆத்தாளாவது அரைத் தலைக்கட்டு. நீ என்ன கணக்கு? கல்யாணம் பண்ணு, புருசன் வந்து நடட்டும். இல்ல, பேசாம மடத்துல கன்னியாஸ்திரியாச் சேந்துரு. வெள்ளிக்கிழமையானா அங்க கறி ஆகாது, மீனு தன்னால சட்டிக்கு வரும்."

அவரைக் கெட்டவர் என்று எழுதமாட்டேன். யுத்தம் தொடங்கியதிலிருந்து அரிசி கன்ட்ரோல். அவர் வீட்டில் வாய்கள் அதிகம். ஆண் கைக்குப் போய்விட்டால் உன் கோலுக்கும் இரண்டு முள்; ஆக இரண்டு கோல், நான்கு முள். மடைக்கு அருகே உன் இடத்தில்தான் கெளுத்தி கூடும் என்று ஊருக்கே தெரியும். கண்மாய்க்குப் புதுத் தண்ணீர் வந்ததும், அம்பலகாரர் குறிக்கிற காலையில் எல்லா வீடும் கோல் நட வேண்டும். அன்று நடாத வீட்டின் இடம் பங்காளிக்குப் போய்விடும். சித்தப்பா அந்தக் காலைக்குக் காத்திருந்தார். நானும்.

நான் என்ன கணக்கு? கேள்வி நியாயமானதுதான். முழு இல்லை. அரைகூட இல்லை.

புதுக்கோட்டைக்குப் போனேன். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ். ஏற்றத்தில் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தள்ளும்போது யாரும் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை.

சர்க்கார் கச்சேரியில் ஒரு குமாஸ்தா. கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தார்.

"நீங்க வக்கீலா?"

"இல்லைங்க. டீச்சர்."

"அப்ப ஒக்காருங்க. வக்கீல்னா நிக்க வச்சிருப்பேன்."

தூண்டில் சட்டத்தை எடுத்து வைத்து விளக்கினார். பலகையில் இருப்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கோல் ஒன்று, முள் இரண்டு. தாண்டினால்தான் அவர்களுக்கு வழக்கு. தாண்டாதவரை ஊருக்குள் எப்படிப் பிரித்துக்கொண்டாலும் அது ஊர் வழக்கம்.

"சட்டத்துல அரை ஆள்னு ஏதாவது இருக்குங்களா?"

"அரை ஆளா?" கண்ணாடியைக் கழற்றினார். "இல்லம்மா." கொஞ்சம் யோசித்தார். "ஆனா அரை ஆள் கூடாதுன்னும் இல்ல."

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இரண்டுக்கு மேல் கூடாது என்றால் இரண்டு கிடைக்கும் என்று அர்த்தமில்லை. மேலே எவ்வளவு என்று சர்க்கார் எழுதியது. கீழே யார் என்று ஊர் எழுதிக்கொண்டது. நடுவில் நீ ஒற்றை முள்ளோடு உட்கார்ந்திருந்தாய். மேலே இருந்தவர்களுக்கு நீ தெரியவில்லை. கீழே இருந்தவர்களுக்கு நீ சரியாகத் தெரிந்தாய், பாதியாக.

இவ்வளவு புரிவதற்கு எனக்கு ஒரு பட்டம் தேவைப்பட்டது. நீ மூக்கால் சிரிப்பது கேட்கிறது.

பிறகு ஆவணி. தமுக்கு அடித்தார்கள். குடிமராமத்து. மழைக்கு முன் கண்மாய்க் கரைக்கு ஊரே சேர்ந்து மண் போட வேண்டும். வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு கூடை, ஒரு மம்பட்டி. வராத வீட்டுக்குத் தண்ணீரும் இல்லை, கோலும் இல்லை.

மறுநாள் அம்பலகாரரே வந்தார். அவர் வீடு வீடாகப் போகிறவர் இல்லை. என்னிடம் வந்தார்.

"ஒங்க ஆத்தா பங்கு கரையில கெடக்கு. யாரு வாரா?"

"கோல் சித்தப்பாவுக்குன்னு சொன்னீங்களாமே மாமா. அப்ப மண்ணும் அவருதானே சுமக்கணும்?"

"அவன் பங்க அவன் சுமப்பான். வீடு இருக்கு. கூரை இருக்கு. அடுப்புப் பொகையுது. ஆள் வரணும்."

சின்ன வயதில் கண்ணால் பார்த்தும் காணாமல் விட்ட ஒன்று அப்போதுதான் கண்ணில் விழுந்தது. குடிமராமத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கரையில் ஒரு பங்கு அளந்து, இரண்டு பக்கமும் முளைக்குச்சி அடிப்பார்கள். உனக்கும் அடிப்பார்கள். அந்த இரண்டு குச்சிகளுக்கு நடுவில் இருந்த தூரம் சித்தப்பா பங்கின் அதே தூரம். ஒரு சாண் குறைவில்லை. வருஷா வருஷம் நீ தனியாக அதை உயர்த்தினாய். நான் கரைமேல் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

மண் சுமக்க முழுத் தலைக்கட்டு. மீன் பிடிக்க அரை.

ஒரு தடவை கேட்டிருக்கிறேன், வேறு ஏதோ அர்த்தத்தில். ஏன் ஆத்தா இவ்வளவு மண் போடுறே என்று. "கரை எல்லாருக்கும்தானே" என்றாய். முதுகை நிமிர்த்தாமலே.

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். உன் கூடை. உன் சும்மாடு. என்னைப் போல வந்தவர்களில் பக்கத்து வீட்டுச் சவரியாயிச் சின்னம்மாவும் இருந்தாள். மேலத் தெருவிலிருந்து இன்னும் நாலு பேர். எல்லாம் தாலி இழந்த அரைகள். எல்லாருக்கும் முழுப் பங்கு.

சின்னம்மாவிடம் சும்மாதான் கேட்டேன். "அரை ஆளு எம்புட்டு மண்ணு சுமக்கணும் சின்னம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். கூடையில் இருந்த மண்ணில் பாதியைக் கீழே தட்டினாள். "இம்புட்டுத்தான்."

அப்படியே அரைக் கூடையோடு நடந்தோம். போய், வந்து, போய், வந்து. கொஞ்ச நேரத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"அடியே, கூடைதான்டி பாதி. நடை முழுசால்ல இருக்கு!"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கரைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் மாராப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீ செத்த பிறகு நாங்கள் சிரித்த முதல் சிரிப்பு அது. பிறகு கூடையை நிறைய நிறைய அள்ளினோம். உச்சிப்பொழுது வரை. குச்சிக்குக் குச்சி பாதித் தூரம் நேராக, ஒழுங்காக, மற்றவர்கள் பங்கைவிட உயரமாகவே போட்டோம். மண்ணில் நாங்கள் குறை வைக்கவில்லை.

உச்சியில், சின்னம்மா மற்ற நாலு பேரிடமும் பேசிவைத்தபடி, ஆறு பேரும் வேலையை நிறுத்திக் கூடையைக் கவிழ்த்தோம்.

அம்பலகாரர் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். "எங்கிட்டுக் கெளம்பிட்டீங்க?"

"வீட்டுக்கு" என்றாள் சின்னம்மா.

"பங்கு முடியலையே."

"முடிஞ்சுபோச்சு மாமா. அரைப் பங்கு."

ஆண்கள் முதலில் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. "எல்லாம் இந்த டீச்சரு பண்ற வேலை. மதராஸ்ல படிக்க வச்சது இதுக்குத்தான்."

"ஆமா சித்தப்பா" என்றேன். "இதுக்குத்தான்."

"ஏ சவரியாயி!" அம்பலகாரருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "வெளையாட்டா இது? தண்ணி வந்தா அந்தப் பள்ளத்துலதான்டி ஏறும்!"

"அதுகிட்ட எடுத்துச் சொல்லுங்க மாமா. இது அரைத் தலைக்கட்டு எடம், நீ பாதி ஏறுனாப் போதும்னு."

யாரோ ஓர் ஆண் வாய்விட்டுச் சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

ஆத்தா, நீ பார்த்திருக்க வேண்டும். மறுநாள் கரையைத் தூரத்திலிருந்து பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. முழு உயரம், முழு உயரம், ஒரு பள்ளம். முழு உயரம், ஒரு பள்ளம். ஊரில் எத்தனை அரைகள் என்று முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

பள்ளத்தை நிரப்பச் சொல்லி அம்பலகாரர் ஆண்களைக் கேட்டார். என் பங்கு முடிந்தது என்றான் ஒருவன். என் பங்கும் முடிந்தது என்றான் இன்னொருவன். பங்காளிதானே, நீ போடு என்று சித்தப்பாவிடம் சொன்னார்கள். "கோல் கைக்கு வரட்டும், அப்பறம் மண்ணப் பாப்போம்" என்றாராம். அது அம்பலகாரருக்கே பிடிக்கவில்லை என்று சின்னம்மா சொன்னாள்.

எங்களைத் திட்டினார்கள். கிணற்றடியில் ஒருத்தி என் காதில் விழவேண்டும் என்றே சொன்னாள், ஊக்கு குத்தின சேலைக்காரி ஊரையே குத்திவிட்டாள் என்று. அந்த ஊக்கை நீயும் கேலி செய்வாய். சேலை நிற்பதற்கு இரும்பு எதுக்குடி, தோள் இல்லையா என்பாய். கல்லூரியில் வந்த பழக்கம். விடவில்லை.

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஒரு மழை முன்னால் வந்தால் போச்சு. வயல் எல்லாருக்கும் போகும். சின்னம்மாவின் சில குழி நிலமும் போகும். இதை நான் படித்த புத்தகத்துக்காகச் செய்கிறேனா, உனக்காகவா? இராவெல்லாம் தூங்காமல் வானத்துக்குக் காது கொடுத்துக் கிடந்தேன்.

புரட்டாசி பிறந்ததும் ஒரு சாயங்காலம் அடித்தது. பெரிய மழை இல்லை. பள்ளங்களின் ஓரத்தில் மண் கரைந்து நாக்கு நாக்காகத் தொங்கியது. அவ்வளவுதான்.

விடிந்ததும் அம்பலகாரர் எங்கள் தெருவுக்கு வந்தார். துண்டு தோளில்தான் இருந்தது, ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"நான் என்ன பொம்பளைகளுக்கு எதிரியா? ஊர் ஒத்துக்கிட்ட கணக்கு அது. சரி. ரெண்டு முள்ளு. எல்லா வீட்டுக்கும். வந்து மண்ணப் போடுங்க."

"இங்க வேணாம் மாமா" என்றாள் சின்னம்மா. "கோவில் முன்னால சொல்லுங்க. இந்த வாசல்ல சொன்னா என் ஆட்டுக்குத்தான் கேக்கும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொன்னார். அன்று எந்த இடத்தில் முள்ளைப் பாதியாக்கினாரோ அதே இடத்தில். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். சின்னம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

சொல்லி முடித்தவர் என் பக்கம் திரும்பினார்.

"இது தாலி கட்டி அறுத்தவகளுக்கு. ஒனக்கில்ல. கல்யாணம் ஆகாதவ தலைக்கட்டே கெடையாது. ஒங்க ஆத்தா கோல் ஒன் சித்தப்பனுக்கு. நட்டீன்னா பிடுங்கி எறிவேன்."

கடைசிச் சொல்லாவது அவருக்கு வேண்டியிருந்தது. எனக்குப் புரிந்தது.

சின்னம்மா மறுபடி கூடையைக் கவிழ்க்கப் போனாள். "இவ இல்லாம நாங்க மண்ணத் தொட மாட்டோம்" என்று ஆரம்பித்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். வானம் கறுத்திருந்தது. மற்றவர்கள் வாங்கியதை என் ஒருத்திக்காக நனைய விடக்கூடாது. எல்லாரும் போய்ப் பள்ளங்களை நிரப்பினார்கள்.

நானும் போனேன். உன் பங்கை, குச்சிக்குக் குச்சி, முழுசாக உயர்த்தினேன். சித்தப்பா அவர் பங்கின்மேல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எதற்கு வேலை செய்கிறாள் என்று அவருக்குப் புரிந்திருக்காது. கோல் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. பிறகு எதற்கு மண்?

கரை எல்லாருக்கும்தான் ஆத்தா. அது சரி. மீனும் எல்லாருக்கும்தான். நீ முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

ஐப்பசி மழை வந்தது. கரை நின்றது. கண்மாய் இப்போது மடைக்கல் மூழ்கக் கிடக்கிறது. நாளைக் காலை கோல் நடும் நாள்.

அம்பலகாரர் பிடுங்குவேன் என்கிறார். கச்சேரிக் குமாஸ்தா சொன்னதை நான் மறுபடி மறுபடி திருப்பிப் பார்க்கிறேன். ஊர் எப்படிப் பிரித்தாலும் சர்க்கார் கை வைக்காது. சரி. ஆனால் நட்ட கோலைப் பிடுங்குகிற கை ஊருடையது இல்லை. அது தலையாரியின் கை. தலையாரி சர்க்காரின் ஆள். அவருக்குத் தெரிந்தது இரண்டே கேள்வி. பக்கத்தில் ஆள் இருக்கிறதா? முள் எத்தனை? அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று பலகையில் எழுதவில்லை.

உன்னைக் காப்பாற்றாத சட்டம் ஆத்தா. அதே சட்டத்தின் ஓரத்தில்தான் நாளை உட்காரப்போகிறேன். அது என்னைக் காப்பாற்றும் என்று நம்பி இல்லை. அவர்கள் எண்ணட்டும். என் முகத்துக்கு நேராக வாய்விட்டு எண்ணட்டும்.

இலுப்பூர்ச் சந்தையில் தூண்டில் முள் கேட்டேன். இல்லை. யுத்தம் முள்ளையும் தின்றுவிட்டது என்றார் கடைக்காரர். உன் ஒற்றை முள் மட்டும் துருவில்லாமல் இருக்கிறது, எண்ணெய்த் துணியில் சுற்றி. வெறும் நூலும் இருக்கிறது. முடிச்சை நான் அவிழ்க்கவில்லை.

அது கேலியா, பொறுமையா என்று இனிக் கேட்கமாட்டேன். நீ சொல்லவும் மாட்டாய். அந்த நூல் இனிமேல் வெறுமையாகத் தொங்காது. இதுதான் நான் உனக்குத் தரும் வாக்கு. நான் உயிரோடு இருக்கும்வரை, நான் எந்த ஊரில் வேலை பார்த்தாலும், தண்ணீர் வந்த முதல் காலையில் உன் இடத்தில் உன் கோல் நிற்கும், பக்கத்தில் நான் இருப்பேன். எழுந்து போகமாட்டேன்.

உன் கோலுக்கும் உன் பங்கு மண்ணுக்கும் உரியவள்,
நீ இடுப்பிலிருந்து இறக்கி வைக்காத உன் மகள்.

தபாலில் சேர்ப்பதற்கு முன் இதையும் எழுதி வைக்கிறேன். காலையில் தோளிலிருந்த ஊக்கைக் கழற்றினேன். பாக்குவெட்டியால் நெருக்கி வளைத்தேன். உன் இரண்டாவது நூலில் கட்டினேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய் மடைக்கு அருகே கோலை நட்டு உட்கார்ந்தேன். அம்பலகாரரும் சித்தப்பாவும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். சின்னம்மா அவள் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாரி கரையோடு வந்தார். என் நூலைத் தூக்கினார். அந்த ஊக்கை வெகுநேரம் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"ரெண்டு."

"ஆமாங்க" என்றேன். "ரெண்டு."

நூலைத் தண்ணீரில் விட்டுவிட்டு அடுத்த கோலுக்குப் போனார். நான் உட்கார்ந்திருந்தேன்.